காலு விழுந்த செவலை

நாட்டுக்கோழி காலு விழுந்துட்டுன்னா எங்க பக்கம் ரெண்டே வைத்தியம்தான். ஒண்ணு மஞ்சப்பொடி, இன்னொண்ணு மசாலாப்பொடி. முதல் நாள் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைச்சுத் தேய்ப்பாங்க. மறுநாளும் எந்திரிக்கலன்னா "தானா சாகுறதுக்கு முன்ன அறுத்துருவோம்"னு சட்டி அடுப்புல ஏறிரும். இதை நான் குத்தமாச் சொல்லல. காட்டுல களையெடுக்க ஆள் கிடைக்காம அலையுற நேரத்துல, ஒரு கோழிக்காக மினிபஸ் ஏறி சங்கரன்கோவிலுக்குப் போய் கால்நடை டாக்டரைப் பாக்குறது சம்சாரி வீட்டுல நடக்குற காரியமா? மாட்டுக்குன்னா போவோம். ஆட்டுக்குன்னா யோசிச்சுப் போவோம். கோழிக்குன்னா சிரிப்பாங்க.

ஆனா போன கார்த்திகையில நான் போனேன். போக வச்சது எங்க அம்மா.

எங்க வீட்டைச் சுத்தி மூணு பக்கமும் மக்காச்சோளம். புரட்டாசியில விதைச்சா மார்கழி, தை வரைக்கும் வீடே சோளக்காட்டுக்குள்ள முங்கிக் கிடக்கும். 2018ல அமெரிக்கப் படைப்புழு தமிழ்நாட்டுக்குள்ள வந்ததுல இருந்து இந்தப் பயிருக்கு மருந்தடிக்காம ஒண்ணும் தேறாதுன்னு ஆயிப்போச்சு. முளைச்ச பதினஞ்சாம் நாள்ல ஒருக்க, பெறவு குருத்துல புழு தெரியத் தெரிய அடிக்கணும். நம்ம காட்டுல அடிக்காட்டாலும் அடுத்த காட்டுக்காரர் அடிப்பார். செத்து விழுற புழுவைக் கோழி கொத்தினா கோழிக்கும் அதே கதிதான். அதனால ஐப்பசி மாசம் முழுக்க எங்க வீட்டுக்காரி கோழிகளை வெளிய விடல. தொழுவுக்குப் பக்கத்துல வலை கட்டின கூடு, அதுக்குள்ள 23 உருப்படி. தீனி ரேசன் அரிசி, குருணை, பழைய சோத்துப் பருக்கை. மழையும் விடாம பெஞ்சுது. கூட்டுக்குள்ள வெயிலே விழல.

அந்த மாசத்துலதான் செவலை முட்டையிட ஆரம்பிச்சுது. எங்க வீட்டுக் கோழிகள்ல செவலைக்குத் தனி மரியாதை. ரெண்டு வயசுப் பெட்டை, சிறுவிடை இனம். போன தடவை 12 முட்டை அடை வச்சதுல 11 பொரிச்சுக் கொடுத்தது. பருந்து நிழல் தரையில விழுந்தாப் போதும், குஞ்சுகளை ரெக்கைக்குள்ள இழுத்துக்கிட்டு அண்ணாந்து பாக்கும். ஒருநாள் கீரி வந்தப்ப மேல விழுந்து கொத்தித் துரத்துனதை நானே பாத்தேன். நாட்டுக்கோழி முட்டை 15 ரூபா விக்கிற காலத்துல, முட்டைக் காசுதான் என் வீட்டுக்காரியோட சொந்தக் காசு. பிள்ளைக்கு நோட்டு, பேனா, ஆத்திர அவசரத்துக்குப் பஸ் காசு எல்லாம் அந்தச் செம்புக்குள்ள இருந்துதான் வரும். அதனால செவலை சும்மா ஒரு கோழி கிடையாது.

தொடர்ந்து 13 முட்டை இட்டுச்சு. கடைசி ரெண்டு முட்டைக்கு ஓடு ரொம்ப மெல்லிசா இருந்துச்சு, கையில எடுத்தப்பவே நசுங்கிட்டு. அதுக்கு நாலாம் நாள் காலையில கூட்டைத் திறந்தா மத்ததெல்லாம் வெளிய வந்து நிக்குது, இது மட்டும் மூலையில உட்காந்திருக்கு. தூக்கி நிறுத்தினேன். ரெண்டு காலும் மடங்கி, கணுக்காலுல குந்தினபடி அப்படியே சரிஞ்சு போச்சு. ரெக்கையைத் தரையில ஊணி எந்திரிக்கப் பாக்கு, முடியல. கண்ணு மட்டும் தெளிவா இருந்துச்சு. கொண்டை கொஞ்சம் வெளுத்திருந்துச்சு.

பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பாத்துட்டு, "ஏய்யா, இது இனிமே ஆகாது. ராத்திரிக்குக் குழம்பு வச்சுருங்க. நாளைக்குன்னா கறி வத்திப்போகும்"னாங்க. என் வீட்டுக்காரி பதில் பேசல. அவளுக்கு மனசில்லதான், ஆனா மத்த 22 கோழிக்கும் ஒட்டிட்டுன்னா என்ன செய்யுறதுன்னு அவ பயம் அவளுக்கு.

எங்க அம்மாவுக்குப் போன வருசம் இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேசன் ஆச்சு. அதுல இருந்து வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு திண்ணைக்கும் கட்டிலுக்கும் நடக்குறதுதான் அவங்க உலகம். திண்ணையில இருந்தபடியே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "காலு விழுந்தா அறுத்துருவியளோ?"

அதுக்கு மேல யாரும் ஒண்ணும் பேசல. நான் சட்டையை மாட்டிக்கிட்டு, ஒரு கூடையில வைக்கோலைப் போட்டு செவலையைத் தூக்கி வச்சேன்.

ஆஸ்பத்திரியில கோழியைக் கூடையில வச்சுக்கிட்டு நிக்கும்போது முன்னால ஒரு கிடேரி, நாலைஞ்சு ஆடு. எல்லாரும் கூடைக்குள்ள எட்டிப் பாக்காங்க. ஒருத்தர், "அண்ணாச்சி, கோழிக்கு எம்புட்டு செலவு செய்யப் போறீங்க? இன்னும் ரெண்டு கோழி வாங்கிரலாமே"ன்னார். நான் சிரிச்சு வச்சேன்.

டாக்டர் நல்ல மனுசர். கோழின்னு இளப்பமா நினைக்கல. மருந்து எழுதுறதுக்கு முன்னால அவர் கேட்ட கேள்விகளைத்தான் எனக்கு உங்ககிட்டச் சொல்லணும். காலு விழுறதுங்கிறது ஒரு நோய் கிடையாது, பல நோய்க்கு அது ஒரே அடையாளம். எதுன்னு தெரியாம மருந்து கொடுக்குறது இருட்டுல கல்லெறியுற கதை.

முதல்ல கோழிக்கு வயசு என்னன்னு கேட்டார். ரெண்டு வருசம்னேன். எச்சம் எப்படி இருக்கு, பச்சையும் வெள்ளையுமாத் தண்ணியா போகுதான்னு கேட்டார். இல்ல. கழுத்து திருகிக்கிட்டு நிக்குதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குதான்னு கேட்டார். அதுவும் இல்ல. மாசி வாக்குல போடுற தடுப்பூசி போட்டீங்களான்னார். போட்டாச்சு. வருசாவருசம் பிப்ரவரியில கோழிக்கழிச்சலுக்கு ரெண்டு வார முகாம் நடக்கும், அதுல எங்க தெருக் கோழி எல்லாத்துக்கும் போட்டாச்சு. "அப்ப வெள்ளைக்கழிச்சல் இல்ல"ன்னார். எனக்குப் பாதி உசுரு வந்துச்சு.

வெள்ளைக்கழிச்சல்னா எங்க ஊர்ல இன்னைக்கும் ஒரு நடுக்கம் உண்டு. ராணிக்கெட்னு டாக்டருமார் சொல்லுவாங்க. வடக்கே இப்ப உத்தரகாண்டுல இருக்கிற ராணிக்கெட் மலையூர்ல 1927 வாக்குல கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. அதே நோயை இங்கிலாந்துல நியூகாசில்ங்கிற ஊர்ல கண்டுபிடிச்சதால வெள்ளைக்காரன் நியூகாசில் நோய்ங்கான். ஊருக்கு ஊர் பேரு வேற, சாவு ஒண்ணுதான். நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு கோடையில எங்க தெருவுல ஒரு வாரத்துல ஒரு கோழி மிஞ்சல. விடியக்காலம் சேவல் கூவுற சத்தமே இல்லாம தெரு கிடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. பிழைச்ச ஒண்ணு ரெண்டும் காலு இழுத்துக்கிட்டு, கழுத்து திருகிக்கிட்டுத்தான் அலைஞ்சுது. அதுக்கு வந்த பெறவு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். முகாம் நடக்குறப்ப "கோழிக்கெல்லாம் ஊசியா"ன்னு ஒளிச்சு வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. தயவுசெய்து போட்டுருங்க.

அடுத்து, விதைக்கு வாங்கின மக்காச்சோளத்தைத் தின்னுருக்குமான்னு கேட்டார். சிவப்புச் சாயம் பூசின மருந்து விதை. இல்ல, கூட்டுக்குள்ளயேதான் இருந்துச்சு. செத்த எலி, அழுகின கறி, புழு பிடிச்சது ஏதாவது? அதுவும் இல்ல. அப்படி அழுகினதையும் புழுவையும் தின்னா கழுத்துகூட நிக்காம துணி மாதிரித் தொங்கிருமாம். அது வேற விஷம். கூட்டு மரச்சட்டத்து இடுக்குல உண்ணி இருக்கான்னு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னார். கோழி உண்ணி பகல்ல இடுக்குல ஒளிஞ்சு கிடந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், அதுலயும் காலு விழும். பெறவு வயித்தை அமுக்கி, உள்ள முட்டை சிக்கியிருக்கான்னு விரல் விட்டுப் பாத்தார். முட்டை அடைச்சுக்கிட்டாலும் கோழி நடக்க மாட்டாம குந்திரும். உள்ளங்கால்ல ஆணி, வீக்கம் இருக்கான்னு திருப்பிப் பாத்தார். ஒண்ணும் இல்ல.

எல்லாம் கேட்டுட்டு, "கடைசியா எத்தனை முட்டை போட்டுச்சு? ஓடு எப்படி இருந்துச்சு?"ன்னார். சொன்னேன். "வெயில் பாத்து எத்தனை நாளாச்சு? தீனி என்ன?" சொன்னேன். அவர் பேனாவைக் கீழ வச்சுட்டு, "எலும்பை உருக்கி முட்டை போட்டிருக்கு"ன்னார்.

அதை அவர் விளக்குனது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு முட்டை ஓட்டுல ஏறக்குறைய ரெண்டு கிராம் கால்சியம் இருக்கு. தீனியில கிடைக்கலன்னா கோழி முட்டையை நிறுத்தாது, தன் எலும்புல இருந்து எடுத்துக் கொடுக்கும். வெளிய மேயுற கோழி கல்லு, நத்தை, சுண்ணாம்புக் காரை, பச்சை, புழு பூச்சின்னு தேடித் தின்னு சரிக்கட்டிக்கும். வெயில் பட்டா டி வைட்டமின் தானா ஊறும், அப்பத்தான் தின்ன சுண்ணாம்பு உடம்புல பிடிக்கும். கூட்டுக்குள்ள அரிசியை மட்டும் தின்னுக்கிட்டு, வெயிலும் இல்லாம 13 முட்டை போட்டா பெறவு காலுக்கு என்ன இருக்கும்? கூண்டுல அடைச்சு வளக்குற பண்ணைக் கோழிகளுக்கு இது வழக்கமா வர்ற நோவுதானாம். நம்ம வீட்டுக் கோழிக்கு வர்றதுதான் அபூர்வம். மருந்துக்குப் பயந்து அடைச்சதுல பண்ணை நோவு வீட்டுக்கு வந்துட்டு.

கால்சியம் மருந்து, டி வைட்டமின் கலந்தது ஒண்ணு, பி-காம்ப்ளக்ஸ் ஒண்ணு எழுதிக் கொடுத்தார். அளவை நான் இங்க எழுதல. கோழி எடைக்குத் தக்க மாறும், கூடினாலும் கெடுதல். செலவு மருந்து 160 ரூபா, பஸ் காசு தனி.

"பி-காம்ப்ளக்ஸ் எதுக்கு சார், சுண்ணாம்புச் சத்துதானே குறைச்சல்?"னு கேட்டதுக்கு, "அரிசி மட்டும் தின்னுருக்கே, அதுக்கும் சேத்துத்தான்"னார். ராத்திரி இதைப் பத்திப் போன்ல படிச்சப்ப ஒரு பழைய கதை கிடைச்சுது. படிச்சுட்டு அம்மாவுக்கும் சொன்னேன்.

நூத்தி முப்பது வருசத்துக்கு முந்தி, ஜாவாவுல, இன்னைக்கு ஜகார்த்தான்னு சொல்ற பத்தாவியா ஊர்ல, எய்க்மன்னு ஒரு டச்சு டாக்டர். பெரிபெரிங்கிற நோய்ல பட்டாளத்துக்காரன் எல்லாம் காலு விழுந்து சாகுறான், அதுக்குக் கிருமியைத் தேடுறார். ஆராய்ச்சிக்கு வச்சிருந்த கோழிகளுக்கு ஒருநாள் காலு விழ ஆரம்பிச்சுது. நோய் கொடுத்த கோழி, கொடுக்காத கோழி எல்லாத்துக்கும்தான். கொஞ்ச மாசம் கழிச்சு எல்லாம் தானா எந்திரிச்சு நடக்குது. என்னடான்னு விசாரிச்சா, நடுவுல கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிச் சமையல்ல மிஞ்சின தீட்டின வெள்ளை அரிசிச் சோத்தைக் கோழிக்குப் போட்டிருக்காங்க. பெறவு வந்த புதுச் சமையக்காரன், பட்டாளத்துச் சோத்தைக் கோழிக்குக் கொடுக்க மாட்டேன்னு நிறுத்திட்டான். பழையபடி தவிடு போகாத அரிசிக்கு வந்ததும் கோழி எந்திரிச்சுட்டு. தவிட்டைச் சேத்துக் கொடுத்தா விழுந்த கோழியும் பிழைக்கு. அந்தத் தவிட்டுக்குள்ள இருந்ததைத்தான் பின்னால பி1 வைட்டமின்னாங்க. வைட்டமின்ங்கிற பேரையே 1912லதான் ஒருத்தர் வச்சார். எய்க்மனுக்கு 1929ல நோபல் பரிசு கொடுத்தாங்க.

கேட்டுட்டு அம்மா, "அந்தச் சமையக்காரனுக்கு என்ன கொடுத்தாங்க?"ன்னாங்க. எனக்கும் அதே சந்தேகம்தான்.

உண்மையைச் சொல்லணும்னா செவலைக்கு வந்தது அந்த நோய் இல்ல. நமக்கு ரேசன்ல வர்றது பெரும்பாலும் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்துல ஒரு பங்கு அரிசிக்குள்ளயே இறங்கிரும், அதனால பச்சரிசி அளவுக்கு மோசம் இல்ல. ஆனாலும் தவிட்டை மாட்டுக்கு வச்சுட்டு அரிசியைக் கோழிக்குப் போடுறதுல என்ன லாபம்? அன்னையில இருந்து ரெண்டு கை தவிடு கோழித் தீனியில சேந்துச்சு.

மருந்தைவிடப் பராமரிப்புதான் பெரிய வேலை. நான் காட்டுக்குப் போயிருவேன், வீட்டுக்காரிக்கு அடுப்படி, மாடு, நூறு நாள் வேலை. நாள் முழுக்க வீட்டுல இருக்கிறது அம்மா மட்டும்தான். "கூடையை என் பக்கத்துல வைங்க"ன்னுட்டாங்க.

காலு விழுந்த கோழி நோய்ல சாகுறதைவிடத் தாகத்துல சாகுறதுதான் ஜாஸ்தி. தண்ணிச் சட்டி ரெண்டு அடி தள்ளி இருந்தாலும் அதுக்குப் போக முடியாது. நாம சட்டியில தண்ணி இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருப்போம். அதனால தண்ணியும் தீனியும் மூக்குக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். அம்மா ஒரு சிரட்டையைக் கூடையோட கட்டிவிட்டாங்க. வாயைப் பிளந்து தண்ணியை ஊத்தக்கூடாது. நாக்குக்குப் பின்னாலயே மூச்சுக்குழல் திறந்திருக்கு, அதுக்குள்ள போனா நுரையீரல்ல தண்ணி ஏறிச் செத்துரும். அலகோட ஓரத்துல ஒவ்வொரு சொட்டா விட்டா அதுவே தலையைத் தூக்கி முழுங்கும். மருந்தும் அப்படித்தான் கொடுத்தோம்.

ஒரே இடத்துல கிடந்தா நெஞ்செலும்புல புண்ணு வரும். மனுசனுக்கு முதுகுப்புண் மாதிரி. ஆபரேசனுக்குப் பெறவு அம்மாவை ரெண்டு மணிக்கொருக்கப் புரட்டிப் படுக்க வச்சோம், நர்சம்மா அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அம்மா அதை மறக்கல. கோழியை ஒருக்க இடப்பக்கம், ஒருக்க வலப்பக்கம்னு சாய்ச்சு வைப்பாங்க. வைக்கோலை தினம் மாத்தணும். பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கிட்டா வெதுவெதுன்னு தண்ணியில துணியை நனைச்சுத் துடைச்சு, ஈரம் போக உலத்தணும். இல்லன்னா ஈ முட்டை வச்சுப் புழு பிடிச்சுரும். இதெல்லாம் அசிங்கம்னு நினைக்கிறவங்களுக்குக் கோழி வளப்பு சரிப்படாது.

இன்னொண்ணு, அதை மத்த கோழிகளோட விடக்கூடாது. நொண்டுற கோழியை மத்தது கொத்தும். நேத்து வரைக்கும் செவலைக்குப் பயந்து ஒதுங்கின பெட்டைகள்கூட வந்து தலையில கொத்திட்டுப் போகும். ஆனா தனியா அடைச்சும் போட்டுரக்கூடாது, மத்த கோழி கண்ணுல படுற இடத்துல இருந்தாத்தான் இரை எடுக்கும். திண்ணை அதுக்குத் தோதா இருந்துச்சு. காலையில எட்டு மணியில இருந்து வெயில் விழுற இடத்துக்குக் கூடையை நகத்துவோம். வெயில் நகரும்போது அம்மாவும் வாக்கரைத் தூக்கிக்கிட்டு நகருவாங்க. பெசியோதெரபிக்காரர் எத்தனை தடவை சொல்லியும் நடக்காதவங்க, கோழிக்காகத் திண்ணையோட இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாங்க.

தீனிக்குக் கேப்பைக் கூழுல தவிட்டைப் பிசைஞ்சு, முருங்கைக்கீரையைப் பொடிசா அரிஞ்சு போட்டு உருண்டையாக் கொடுத்தோம். சிப்பியை உரல்ல இடிச்சு ஒரு சிரட்டையில தனியா வச்சா, வேணுங்கிறப்ப அதுவே கொத்திக்கிடும். புளியமரத்தடியில பழைய பானையைச் சாணி, ஓலை போட்டுக் கவுத்து வச்சா ரெண்டு நாள்ல கரையான் ஏறும். அதைக் கொண்டுவந்து தட்டினா, எந்திரிக்க முடியாத கோழி ரெக்கையால தவழ்ந்து வந்து தின்னுச்சு. அன்னைக்குத்தான் இது பிழைச்சுக்கும்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

ஆச்சி, குழம்பு வைக்கச் சொன்ன அதே ஆச்சி, நாலாம் நாள் கோயிலுக்குப் போயிட்டு வந்து புத்துமண் கொண்டாந்தாங்க. சங்கரன்கோவில் புத்துமண்ணுக்கு இந்தப் பக்கத்துல இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியும். தோல் வியாதிக்கு, விஷக்கடிக்கு, எல்லாத்துக்கும் அதான். தண்ணியில குழைச்சுக் கோழி காலுல பூசிவிட்டாங்க. "கோமதி அம்மனே ஒத்தக் காலுல தவசு நின்னவதான், கால்வலி அவளுக்குத் தெரியும்"னாங்க. ஆடித்தபசுக்குக் கொடியேறினதும் ஆடிச்சுத்து சுத்துவாங்க இல்லையா, 108 சுத்து. அம்மன் கால்வலியை நாம வாங்கிக்கிறதுக்குத்தான் அந்தச் சுத்துன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அம்மா கல்யாணமான புதுசுல இருந்து வருசம் தவறாம சுத்தினவங்க. இடுப்பு உடைஞ்சதுல இருந்து போகல. ஆச்சி அப்படிச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசாம கோழிக் காலைத் தடவிக்கிட்டு இருந்தாங்க. மண்ணு குணமாக்குச்சா மருந்து குணமாக்குச்சான்னு என்கிட்டக் கேட்டா மருந்துன்னுதான் சொல்லுவேன். ஆனா பூசுனதை நான் தடுக்கல. எந்தக் கெடுதலும் இல்லாத காரியத்துல வீட்டுப் பெரியவங்ககிட்ட ஏன் மல்லுக்கட்டணும்?

ஆறாம் நாள் ஒரு ஊஞ்சல் கட்டினேன். உரச்சாக்குல ஒரு முழம் வெட்டி நல்லாக் கழுவி, கால் நுழைய ரெண்டு ஓட்டை, பின்னால எச்சம் விழ ஒரு ஓட்டை போட்டு, கவுத்துப் போட்ட ஸ்டூலோட நாலு காலுலயும் சணல்ல கட்டித் தொங்கவிட்டேன். கோழியை அதுல உட்கார வச்சா பாதம் தரையைத் தொடும், பாரம் மட்டும் சாக்கு தாங்கும். காலையில கால் மணி நேரம், மதியம், சாயங்காலம்னு மூணு வேளை. முதல் நாள் தொங்கிக்கிட்டே தூங்கிட்டு. மறுநாள் விரலை விரிச்சுத் தரையைப் பிறாண்டுச்சு. தெருவுல போற பிள்ளைக எல்லாம் வந்து வேடிக்கை பாத்துச்சு. கோழி ஊஞ்சலாடுதுன்னு ஊரெல்லாம் பேச்சு.

பதினோராம் நாள் காலையில கூடையைத் திறந்தப்ப நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆடிக்கிட்டுத்தான் நின்னுது, எண்ணி ஒரு அஞ்சு நொடி இருக்கும், பெறவு உட்காந்துட்டு. அம்மா கையைத் தட்டுனாங்க. மூணாவது வாரத்துல முத்தத்துல நாலடி நடந்துச்சு. வலது காலுல ஒரு விரல் மட்டும் இன்னும் மடங்கித்தான் இருக்கு, அது சரியாகல.

இதை எழுதுறதால எல்லாக் கோழியும் பிழைச்சுரும்னு நினைச்சுராதீங்க. தை மாசம் இன்னொரு கதை நடந்துச்சு. வண்டியில கொண்டுவந்து வித்த ஒருத்தர்கிட்ட நாலு விடைக்கோழி வாங்கினோம், மூணு மூணரை மாசம் இருக்கும். அதுல ஒண்ணு பத்து நாள்ல நொண்டிச்சு. மறுநாள் ஒரு காலு முன்னால நீட்டி, ஒரு காலு பின்னால நீட்டி, கவட்டையை விரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. செவலை விழுந்த மாதிரி இல்ல இது. பாத்ததுமே வித்தியாசம் தெரிஞ்சுது. நல்லாத் தின்னுச்சு, ஆனா உடம்பு கரைஞ்சுக்கிட்டே போச்சு.

டாக்டர் போட்டோவைப் பாத்ததுமே "மேரெக்ஸ் மாதிரி இருக்கு"ன்னார். ஹங்கேரி நாட்டு மேரெக்ங்கிற கால்நடை டாக்டர் 1907ல எழுதி வச்ச நோய். ஒரு வைரஸ், நரம்புக்குள்ள புகுந்து கட்டி மாதிரி வீங்க வைக்கும். ரெண்டு மாசத்துல இருந்து அஞ்சாறு மாசத்துக்குள்ள இருக்கிற இளங்கோழியைத்தான் அதிகமாத் தாக்கும். மருந்து இல்ல. தடுப்பூசி உண்டு, ஆனா குஞ்சு பொரிச்ச அன்னைக்கே போடணும். பண்ணைக் குஞ்சுக்குப் பொரிப்பகத்துலயே போட்டு அனுப்பிருவாங்க. நம்ம பஞ்சாரத்துக்குள்ள பொரிக்கிற பத்துக் குஞ்சுக்கு யாரு வந்து போடுவா? ஒரு குப்பியைத் திறந்தா ஆயிரம் குஞ்சுக்குப் போடுற மருந்து, கலக்கினா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும். பத்து வீட்டுக்காரங்க ஒரே நாள்ல பொரிக்கிற மாதிரி அடை வச்சாத்தான் தோதுப்படும். அது இன்னைக்கு வரைக்கும் பேச்சாத்தான் இருக்கு.

விடையைத் தனியா வச்சோம். அம்மா இதையும் கேட்டாங்க. கொடுக்கல. செவலையைத் தொடுற கையால இதைத் தொடக்கூடாதுன்னு சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. ஏழாம் நாள் செத்துப்போச்சு. கொண்டுபோய்க் கொடுத்தேன், டாக்டர் அறுத்துக் காட்டினார். தொடைக்குள்ள போற நரம்பு ரெண்டு பக்கமும் இருக்கு. ஒண்ணு வெள்ளையா, மெல்லிசா, குறுக்கே கோடு கோடா மினுங்குது. இன்னொண்ணு கயிறு மாதிரி தடிச்சு, மங்கிப் போய்க் கிடக்கு. அந்தக் காலுதான் இழுத்துக்கிட்டுக் கிடந்தது. எத்தனை தவிடு, எத்தனை ஊஞ்சல் கட்டியிருந்தாலும் அது எந்திரிச்சிருக்காது.

இந்த வைரஸ் இறகுத் தூசியில மாசக்கணக்கா உசுரோட கிடக்குமாம். கூட்டைப் பிரிச்சு, பழைய வைக்கோலையும் தூசியையும் எரிச்சு, தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிச்சோம். கூடவே வாங்கின மூணு விடையும் இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் தினம் காலையில கூட்டைத் திறக்கும்போது முதல்ல காலைத்தான் பாக்கேன். இனிமே வண்டிக்காரர்கிட்ட வாங்குறதா இருந்தா ஒரு மாசம் தனிக் கூட்டுல வச்சுப் பாத்துட்டுத்தான் சேக்குறதுன்னு வீட்டுல முடிவு.

செவலை மாசியில திரும்பவும் முட்டை வச்சுது. ஒன்பது முட்டையோட நிறுத்திக்கிட்டு, ஓடு கெட்டியா இருந்துச்சு. முருங்கைமரத்துல ஏறி அடையுறதை விட்டுட்டு. முந்தி அந்த மரத்து மேக்கொப்புதான் அதுக்கு இடம், இப்ப ஏற முடியல. சாயங்காலம் ஆனா மத்ததெல்லாம் மரத்துக்குப் போகும், இது நொண்டி நொண்டித் திண்ணைக்கு வந்து அம்மா வாக்கரோட கீழ்க் கம்பியில ஏறி உட்காந்துக்கிடுது. ராத்திரி பாத்ரூம் போக அம்மாவுக்கு வாக்கர் வேணும். "ஏட்டி, எந்திரி"ன்னு அம்மா சொல்லுறதும், அது முனகிக்கிட்டே இறங்குறதும் தினம் நடக்குது. காலையில வாக்கர்ல எச்சத்தைக் கழுவுறது யாருங்கிறதுலதான் இப்ப வீட்டுக்காரிக்கும் அம்மாவுக்கும் சண்டை.